ரெண்டு புள்ளி போதுமா?

ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டியே பாக்கல. சின்னமனூர்ல உரக்கடையில கணக்கு எழுதுறவனுக்கு நடவு சீசன்ல சோறு திங்கவே நேரம் இருக்காது, இதுல எங்க பதிவு எழுதுறது? ஆனா போன ஞாயித்துக்கிழமை நடந்த ஒரு விஷயம் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதி இறக்கி வச்சாத்தான் தூக்கம் வரும். கொஞ்சம் கணக்கு வரும். பயந்து ஓடிடாதீங்க, எட்டாவது வரைக்கும் படிச்சிருந்தா போதும். :-)

எங்க அக்கா மக பத்தாவது படிக்கிறா. தமிழ் மீடியம். கணக்குன்னா மாமாகிட்ட கேளுன்னு அக்கா அனுப்பி வச்சிருச்சு. (நான் பி.எஸ்சி. கணிதம். அந்தப் பட்டத்தை வச்சு இன்னைக்கு வரைக்கும் யூரியா மூட்டை எண்ணுறதுதான் நடக்குது, அது வேற கதை.) ஆயத்தொலை வடிவியல் பாடம். (2, 3), (−1, 9) ஆகிய புள்ளிகள் வழியா போற நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண்க. பாப்பா சூத்திரத்தைக் கடகடன்னு எழுதி, எண்களைப் போட்டு, ரெண்டே நிமிஷத்துல 2எக்ஸ் + ஒய் − 7 = 0 அப்படின்னு முடிச்சிட்டா. சரியான விடை. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"சரி பாப்பா, இது என்னது?"ன்னு கேட்டேன்.

"அஞ்சு மார்க் மாமா."

சிரிச்சிட்டேன். ஆனா அவ விளையாட்டுக்குச் சொல்லல. அவளுக்கு அது அஞ்சு மார்க்குதான். அந்தக் கோடு எதைச் சொல்லுது, எங்க ஆரம்பிக்குது, எங்க வரைக்கும் நம்பலாம், ஒண்ணும் தெரியாது. யாரும் சொல்லித் தரல. எனக்கும் என் காலத்துல யாரும் சொல்லித் தரல. அது தெரியாததால எங்க குடும்பத்துல ஒரு வீடு அடமானத்துக்குப் போச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

மொதல்ல கோடு. ஒரு நேர்க்கோட்டுக்கு ஏன் ரெண்டு புள்ளி வேணும்? எங்க ஊர்ல வரிசை நடவு பாத்திருப்பீங்க. இந்த வரப்புல ஒரு முளைக்குச்சி, எதிர் வரப்புல ஒரு முளைக்குச்சி, நடுவுல கயிறு. கயிறை ஒட்டி நாத்து நடுவாங்க. ஒரே ஒரு குச்சி அடிச்சா கயிறு எந்தப் பக்கம் வேணாலும் சுத்தும். ரெண்டாவது குச்சி அடிச்சதும் ஆடாம நின்னுடும். அதுக்கப்புறம் கயிறு எங்க போகணும்னு யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இதுதான் புத்தகத்துல இருக்கிற இரு புள்ளி வடிவம். 1637-ல் பிரான்ஸ் நாட்டு டெக்கார்ட் வெளியிட்ட புத்தகத்தில் இருந்து வளர்ந்து வந்த வழி இது. கயிறை எண்ணா எழுதலாம், எண்ணைக் கயிறா வரையலாம்.

சமன்பாட்டுல ரெண்டே ரெண்டு சமாச்சாரம்தான். ஒண்ணு சாய்வு. ஒரு அடி பக்கவாட்டுல போனா எவ்வளவு ஏறுது அல்லது இறங்குது. இன்னொண்ணு வெட்டுத்துண்டு. ஆரம்பத்துல எவ்வளவு இருந்துச்சு. ஒய் = எம்.எக்ஸ் + சி. இதுல எம் சாய்வு, சி ஆரம்பம். அவ்வளவுதான். ஆரம்பத்தோட, நாளுக்கு இவ்வளவுன்னு சேத்துக்கிட்டே போறது. வட்டிக்கடைக்காரர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாமலே இதைப் போடுறார்.

இப்ப நம்ம பள்ளத்தாக்குக்கு வர்றேன். தேனி, கம்பம் பக்கம் ஆளுங்களுக்குக் காலையில டீக்கடையில பேப்பர் வந்ததும் மொதல்ல கண்ணு போறது எங்கன்னு தெரியும். சினிமா இல்ல, அரசியல் இல்ல. அணை நீர்மட்டம். பெரியாறு எவ்வளவு, வைகை எவ்வளவு, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு. பள்ளத்தாக்குல இருபோக நெல் மட்டும் 14,707 ஏக்கர். ஜூன் மாசம் ஒண்ணாம் தேதி தண்ணி திறப்பாங்களான்னு மே மாசம் முழுக்க இந்த எண்களைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். அப்படிப்பட்ட ஊர்ல புள்ளைங்களுக்குச் சமன்பாடு சொல்லித்தர (2, 3), (−1, 9) எதுக்குங்க?

பாப்பாவை உக்கார வச்சு ஒரு காகிதத்துல மூணு வரி எழுதினேன்.

அக்டோபர் 31: 138 அடி.
நவம்பர் 10: 139.5 அடி.
நவம்பர் 20: 141 அடி.

என்ன எண்ணுன்னு கேக்குறீங்களா? முல்லைப் பெரியாறு அணையோட 'ரூல் கர்வ்'. 2021 அக்டோபர்ல நம்ம ஊரே இந்த வார்த்தையைத்தான் பேசிச்சு, ஞாபகம் இருக்கா? மத்திய நீர்வள ஆணையம் ஏத்துக்கிட்ட அட்டவணை அது. எந்தத் தேதியில அதிகபட்சம் எவ்வளவு உயரம் தண்ணி வச்சிக்கலாம்னு பத்து நாளைக்கு ஒரு எண் சொல்லும். கவனிங்க, இது இருக்கிற தண்ணி இல்ல, வச்சிக்கலாம்ங்கிற உச்சவரம்பு. அந்த வருஷம் அக்டோபர் 29-ம் தேதி இந்தக் கணக்கை வச்சுத்தான் கேரளப் பக்கம் ஷட்டரைத் திறந்து இடுக்கிக்குத் தண்ணி விட்டாங்க. 142 வரைக்கும் கோர்ட்டே சொல்லியிருக்கும்போது 138-லயே ஏன் திறந்தாங்கன்னு அஞ்சு மாவட்ட விவசாயிகளும் கொதிச்சாங்க.

பாப்பா சூத்திரத்தை எடுத்தா. அக்டோபர் 31-ஐ பூஜ்யமாவது நாள்னு வச்சுக்கிட்டோம். நவம்பர் 10-ம், நவம்பர் 20-ம் ரெண்டு புள்ளி. அதாவது (10, 139.5), (20, 141). பத்து நாள்ல ஒன்றரை அடி. சாய்வு 0.15. ஒய் − 139.5 = 0.15 × (எக்ஸ் − 10). சுருக்கினா ஒய் = 0.15எக்ஸ் + 138.

"இந்த 0.15 என்னது பாப்பா?"

கொஞ்சம் யோசிச்சா. "நாளுக்கு 0.15 அடி. அவ்வளவு ஏத்திக்கலாம்."

"அதாவது?"

"ஒண்ணே முக்கால் இஞ்ச்சுக்குக் கொஞ்சம் கூட."

"138 என்னது?"

இந்த இடத்துல அவ மூஞ்சியைப் பாத்திருக்கணும். "அக்டோபர் 31, மாமா! நம்ம அந்தப் புள்ளியைப் போடவே இல்லையே, எப்படித் தானா வந்துச்சு?"

அவ கேட்டதுதான் இந்தப் பதிவோட உயிர்நாடி. ரெண்டு புள்ளியை வச்சுக் கோடு போட்டோம். மூணாவது புள்ளியை நாங்க பயன்படுத்தவே இல்ல. ஆனா கோடு தானா போய் அந்தப் புள்ளி மேல உக்காந்துச்சு. இப்பத்தான் கோட்டு மேல நம்பிக்கை வருது. ரெண்டு புள்ளியை எதை எடுத்தாலும் நேர்க்கோடு வரத்தான் செய்யும். அது கோட்டோட திறமை கிடையாது. ரெண்டு புள்ளியால கோட்டைப் பொய்யாக்க முடியாது. மூணாவது புள்ளியாலதான் முடியும். அந்தப் பரீட்சையில ஜெயிச்ச கோடுதான் கோடு.

நவம்பர் 15-க்கு எவ்வளவுன்னு கேட்டேன். 140.25-ன்னு பட்டுன்னு சொன்னா. அட்டவணையில இல்லாத தேதிக்குப் பதில் வந்துருச்சு. புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற நாள், அதனால பெருசா தப்பாகாது.

அடுத்து, "நவம்பர் 30?"

"138 கூட்டல் 4.5. நூத்து நாப்பத்திரெண்டரை."

இல்ல. அட்டவணையில நவம்பர் 30-க்கு 142. அரை அடி கம்மி.

ஏன்? கணக்கு தப்பா? இல்ல. 2014 மே 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. கோடு அங்க போய் தீர்ப்புல முட்டி நின்னுடுது. அந்த அரை அடி எக்ஸ்-லயும் இல்ல, ஒய்-லயும் இல்ல. அது தெரியணும்னா அணையோட கதை தெரியணும். 2021 நவம்பர் 30-ம் தேதி தண்ணி 142-ஐத் தொட்டுச்சு, அதுக்கு மேல போகல.

கோட்டை இன்னும் நீட்டிப் பாத்தோம், வேடிக்கைக்கு. இதே வேகத்துல போனா டிசம்பர் 31-க்கு 147 அடி. பிப்ரவரி ஒண்ணாம் தேதி வாக்குல 152, அணையோட முழு நீர்மட்டம். நடக்குறது என்ன? தை, மாசியில மழை நின்னு போய், அணையில தண்ணி இறங்கிக்கிட்டு இருக்கும். பின்னாடியும் நீட்டினோம். செப்டம்பர் 20-க்குக் கோடு சொல்றது 131.85 அடி. அட்டவணை சொல்றது 142! வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி அணையில இடம் காலியா இருக்கணும்னு உச்சவரம்பை அக்டோபர்ல கீழே இறக்கி, நவம்பர்ல மறுபடி ஏத்துறாங்க. இதைத்தான் 'கர்வ்'னு சொல்றது. கர்வ்னா வளைகோடு. நாம புடிச்சது அதுல ஒரு சின்னத் துண்டு. அந்த இருபது நாள் துண்டு நேரா இருந்துச்சு, அவ்வளவுதான்.

நேர்க்கோடே மோசம்னு சொல்ல வர்றேன்னு நினைச்சுடாதீங்க. அதே அணையில நேர்க்கோட்டை நம்பி ஒரு மலையையே குடைஞ்சிருக்காங்க. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடல்ல கலக்குற ஆறு. அதைக் கிழக்கே திருப்ப 1887-ல் வேலை ஆரம்பிச்சு 1895-ல் முடிச்சார் ஜான் பென்னிகுயிக். நம்ம ஊர்ல புள்ளைங்களுக்கு அவர் பேரை வைக்கிறாங்க, லோயர் கேம்ப்ல மணிமண்டபமே இருக்கு. எல்லாரும் அணையைத்தான் பேசுவாங்க. எனக்குச் சுரங்கம்தான் ஆச்சரியம். முதல்ல வெட்டினப்ப நீளம் சுமார் 5,700 அடி. 75 அடிக்கு ஒரு அடி இறக்கம். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி, இந்தப் பக்கம் ஒரு புள்ளி. சாய்வு 1-இன் கீழ் 75. பாப்பா கணக்குப் போட்டா. மொத்த இறக்கம் 76 அடி, சரியா நடுவுல 38 அடி. தண்ணி இன்னைக்கும் அந்த வழியாத்தான் தமிழ்நாட்டுக்கு வருது. அந்தக் கோடு ஏன் பொய்க்கல? பாறை கட்சி மாறாது. ரெண்டு முனையும் கையில இருந்துச்சு, கோடு முழுக்க நடுவுலதான் ஓடுச்சு. வெளியே நீட்ட வேண்டிய தேவையே வரல.

ஆக, ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற கோடு நம்ம சொந்த நிலம் மாதிரி. வெளியே நீளுற கோடு குத்தகை நிலம். எவனோ எப்பவோ காலி பண்ணச் சொல்லுவான்.

என் கடையில தினமும் இந்தக் குத்தகைக் கோட்டைப் பாக்குறேன். "அண்ணே, போன தடவை ஒரு மூட்டை யூரியா கூடப் போட்டேன், நல்லா வெளஞ்சுச்சு. இந்தத் தடவை ரெண்டு மூட்டை கூடக் குடுங்க." ரெண்டு புள்ளி, ஒரு கோடு. ஆனா தழைச்சத்து ஒரு அளவுக்கு மேல போனா பயிர் தளதளன்னு வளரும், குலைநோய் வரும், இலைச்சுருட்டுப் புழு வரும், கதிர் பிடிக்கிற நேரத்துல காத்தடிச்சா அப்படியே சாஞ்சுடும். கோடு ஏறிக்கிட்டே போகாது, ஒரு இடத்துல மடங்கும். நான் சொன்னா, "இவனுக்கு யாவாரமே வேணாம் போல"ன்னு சிரிச்சிட்டு வேற கடைக்குப் போயிடுறாங்க. முதலாளி என்னை முறைக்கிறார். :-(

இது நம்ம ஊர் வியாதின்னும் நினைக்காதீங்க. 1883-லயே அமெரிக்காவுல மார்க் ட்வைன் மிசிசிப்பி ஆத்தைப் பத்தின புத்தகத்துல இதை வச்சு கிண்டல் அடிச்சிருக்கார். வளைவுகள் அறுந்து அறுந்து ஆத்தோட நீளம் குறைஞ்சிருக்கு. அந்தச் சாய்வைப் பின்னாடி நீட்டினா பத்து லட்சம் வருஷத்துக்கு முன்ன ஆறு 13 லட்சம் மைல் நீளம் இருந்திருக்கணும், முன்னாடி நீட்டினா சில நூறு வருஷத்துல ஒன்றே முக்கால் மைலா சுருங்கிடணும்னு கணக்குக் காட்டுறார். கணக்குல ஒரு தப்பும் கிடையாது. அதான் வேடிக்கை.

சரி, கொசுவத்தி சுத்துறேன். 2019.

எங்க சித்தப்பா ஏலக்காய்ல இருந்தவர். கம்பம்மெட்டு ஏறினா ஏலத்தோட்டம்தானே. விடியக்காலம் ஜீப்புல ஆளுங்க ஏறிப் போறதை நீங்களும் பாத்திருப்பீங்க. அவர் சின்ன அளவுல காய் வாங்கி விக்கிறவர். 2018 ஆகஸ்ட்ல கேரளாவுல பெருவெள்ளம் வந்து இடுக்கித் தோட்டங்க அடி வாங்கிச்சு. அடுத்த வருஷம் வெயில் காய்ச்சி எடுத்துச்சு. காய் குறைஞ்சுச்சு, விலை ஏறுச்சு. 2019 தொடக்கத்துல கிலோ 1,500 ரூபாய் பக்கம் இருந்தது. ஆகஸ்ட் 3-ம் தேதி புத்தடி ஏலத்துல அதிகபட்ச விலை 7,000 ரூபாய்! ஊரே பேசிச்சு. போடியில, கம்பத்துல, எங்க பாத்தாலும் அதே பேச்சு.

சித்தப்பா என்னைத் தேடி வந்தார். "நீதான் கணக்கு படிச்சவனாச்சே, இது எங்க வரைக்கும்டா போகும்?" எனக்கு ஒரே பெருமை. நம்ம படிப்பையும் ஒருத்தர் மதிச்சுக் கேக்குறார்னு. தினசரி காலண்டர் தாளைக் கிழிச்சுப் பின்பக்கம் போட்டேன். ஜனவரியில 1,500. ஆகஸ்ட்ல 7,000. ஏழு மாசத்துல 5,500. மாசத்துக்குச் சுமார் 786. விலை = 786 × மாதம் + 1,500. அடுத்த பொங்கலுக்கு எக்ஸ் 12. கிட்டத்தட்ட 11,000. அழகாச் சுத்தமா சமன்பாடு எழுதி, கோடு இழுத்து, அடியில ரெண்டு கோடு வேற போட்டுக் கொடுத்தேன். பரீட்சையா இருந்தா அஞ்சுக்கு அஞ்சு.

சித்தப்பா மூணு வருஷத்துக்கு ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். குத்தகைத் தொகையும் உச்ச விலையை வச்சுத்தான் பேசினாங்க. வீட்டுப் பத்திரம் போச்சு, சித்தி நகை போச்சு. முதல் சீசன் காயில பாதியை விக்காம வச்சிருந்தார், பதினோராயிரம் வரட்டும்னு. வரவே இல்ல. 2020 மார்ச்ல கொரோனா ஊரடங்கு. ஏலமே நின்னுச்சு. மூட்டையில கிடந்த காய் பச்சை நிறம் போய் வெளிறிடுச்சு. ஏலக்காய்க்கு நிறம்தான் விலை. ஏலம் திரும்ப நடந்தப்ப விலை இறங்குமுகம். 2022-ல் சராசரி ஆயிரம் ரூபாய்க்கும் கீழே. விலை ஏறினதைப் பாத்து எல்லாரும் தோட்டத்தைப் பெருக்கினாங்க, மழையும் கை கொடுத்துச்சு, காய் குவிஞ்சுச்சு. அதே சித்தப்பா 2024-ல் வெயில்ல செடி காஞ்சு விலை மறுபடி ரெண்டாயிரத்தைத் தாண்டினப்ப, வெளியில நின்னு வேடிக்கை பாத்தார். கையில தோட்டமும் இல்ல, முதலும் இல்ல.

பல வருஷமா நான் எனக்கே சொல்லிக்கிட்ட சமாதானம், "கொரோனா வரும்னு யாருக்குத் தெரியும்?" என்பதுதான். போன ஞாயிறு பாப்பாவோட உக்காந்திருந்தப்பத்தான் பளிச்சுன்னு உறைச்சுச்சு. கொரோனா வரலைன்னாலும் என் கோடு தப்புதான். மூணு தப்பு.

முதல் தப்பு, என் ரெண்டு புள்ளியும் ஒரே சாதி இல்ல. 1,500-ங்கிறது பொதுவா போன சராசரி விலை. 7,000-ங்கிறது அன்னைக்கு ஏதோ ஒரு நல்ல குவியலுக்குக் கிடைச்ச உச்ச விலை. அன்னைக்குச் சராசரி அதைவிட ரொம்பக் கீழே. ஒரு குச்சியை எங்க வயல்லயும் இன்னொரு குச்சியை அடுத்தவன் வயல்லயும் அடிச்சுட்டுக் கயிறு கட்டியிருக்கேன்.

ரெண்டாவது தப்பு, மூணாவது புள்ளியை நான் தேடவே இல்ல. போன வருஷ விலை, அதுக்கு முந்தின வருஷ விலை எல்லாம் சித்தப்பா நோட்டுலயே இருந்துச்சு. ஒரே ஒரு புள்ளியை வச்சுப் பாத்திருந்தாலும் கோடு பொய்னு தெரிஞ்சிருக்கும். நிறைய புள்ளி இருந்து எதுவும் ஒரே கோட்டுல உக்காரலைன்னா, எல்லாத்துக்கும் நடுவுல ஓடுற கோட்டைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கு. 1805-லயே லெஜாந்தர் வெளியிட்டுட்டார். மீச்சிறு வர்க்க முறைன்னு காலேஜ்ல நானே படிச்சேன், பரீட்சையில எழுதினேன். காலண்டர் தாள்ல ஞாபகம் வரல.

மூணாவது தப்புதான் பெருசு. கோடு எங்க முடியுதுன்னு நான் எழுதல. அணைக்கு ஒரு 142 இருந்த மாதிரி விலைக்கும் ஒரு முட்டு இருக்கும். விலை ஏறினா வாங்குறவன் குறைப்பான், விக்கிறவன் கூடுவான். என் சமன்பாட்டுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதை எல்லாம் நம்ம பக்கத்து அரசுப் பள்ளியில கணக்கு எடுக்கிற ஒரு வாத்தியார் நண்பர்கிட்ட பொலம்பினேன். அவர் சொன்னதையும் போட்டுடுறேன், நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. "யோவ், கோட்டுக்கு முடிவு கிடையாதுங்கிறதுதான்யா கணிதம். ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும். அதை எங்க நிறுத்துறதுங்கிறது கணக்கு இல்ல, விவகாரம். எனக்கு எட்டுப் பாடம் இருக்கு, பாஸ் பண்ண வைக்க வேண்டிய புள்ளைங்க இருக்கு. புத்தகத்துல வாழ்க்கைக் கணக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கத்தான் செய்யுது. ஏலக்காய் விலையெல்லாம் நீ சொல்லிக்குடு."

அவர் சொல்றதுல உண்மை இருக்கு. வாத்தியார்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவங்க பாடு எனக்குத் தெரியும். கணிதத்துல கோடு முடிவில்லாததுங்கிறதும் சரிதான். ஆனா புள்ளைங்க கோட்டை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துட்டு வர்றாங்க, "இது எதுக்குப் பொருந்தும்"ங்கிற கேள்வியைப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்துடுறாங்க. நம்ம பள்ளத்தாக்குல பத்தாவது படிக்கிற புள்ளைங்க நாளைக்கு என்ன ஆகப் போகுதுங்க? திராட்சை போடும், வாழை போடும், ஏலக்காய் ஏலத்துல உக்காரும், கடன் வாங்கும், கடன் கொடுக்கும். எல்லாமே "இதே மாதிரி போனா"ங்கிற கணக்குதான். அந்த 'இதே மாதிரி'யைச் சந்தேகப்படச் சொல்லித்தராத பாடம் பாதிப் பாடம்.

நான் கேக்குறது புதுப் பாடமோ புதுப் புத்தகமோ இல்ல. அதே அஞ்சு மார்க் கணக்கு. மூணே மூணு வரி கூடுதலா. ஒண்ணு, எக்ஸ்னா என்ன, ஒய்னா என்ன, பேரு சொல்லு. நாளா, மாசமா, அடியா, ரூபாயா? பேரு வச்சுட்டா சாய்வுக்கும் தானா பேரு வந்துடும், நாளுக்கு இத்தனை அடின்னு. ரெண்டு, மூணாவதா ஒரு புள்ளி கொடுத்து அது கோட்டுல இருக்கான்னு பாக்கச் சொல்லு. மூணு, இந்தக் கோட்டை எங்கிருந்து எங்க வரைக்கும் நம்புவேன்னு ஒரு வரி எழுதச் சொல்லு. அந்தக் கடைசி வரிக்கு ஒரு மார்க் கொடுங்க. அந்த ஒரு மார்க்கை என் காலத்துல யாராவது வச்சிருந்தா, அந்தக் காலண்டர் தாள்ல "ஆகஸ்ட் வரைக்கும்தான், அதுக்கப்புறம் எனக்குத் தெரியாது சித்தப்பா"ன்னு எழுதியிருப்பேனோ என்னவோ.

வீட்டுல சொல்லித்தர்றவங்களும் இதைச் செய்யலாம், செலவே இல்ல. நாளைக்குக் காலையில பேப்பர்ல அணை மட்டத்தைக் குறிச்சு வைங்க. நாளன்னைக்கும் குறிங்க. புள்ளையை ரெண்டையும் வச்சுச் சமன்பாடு போடச் சொல்லி, மூணாம் நாள் எவ்வளவு இருக்கும்னு முன்கூட்டியே எழுதி ஒட்டச் சொல்லுங்க. மூணாம் நாள் பேப்பர் வந்ததும் பாருங்க. சரியா வந்தா ஒரு சந்தோஷம். தப்பா வந்தா ரெட்டைச் சந்தோஷம், ஏன் தப்பாச்சுன்னு பேச ஒரு மணி நேரம் கிடைக்கும். தேக்கடியில மழை பேஞ்சுச்சா, திறப்பைக் கூட்டினாங்களான்னு. எங்க வீட்டுல ஒரு வாரமா இதுதான் நடக்குது. ஏழு நாள்ல ரெண்டு நாள்தான் பாப்பா ஜெயிச்சிருக்கா.

அன்னைக்கு எல்லாத்தையும் கேட்டுட்டு பாப்பா ஒரு கேள்வி கேட்டா.

"மாமா, தாத்தாவுக்கு நீங்க தப்பாப் போட்டுக் குடுத்தீங்கன்னு தாத்தாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. சித்தப்பா இன்னைக்கு வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. யாராவது பேச்செடுத்தா, "அவன் கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டான், என் நேரம்"னு எனக்காக வக்காலத்து வாங்குவார். அதைக் கேக்கும்போதெல்லாம் நான் பேசாம எந்திரிச்சுப் போயிடுவேன்.

இந்த வாரம் போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன். கணக்கு சரிதான் சித்தப்பா, புள்ளிதான் தப்புன்னு.

பி.கு: பாப்பாவோட பழைய கணக்கு 2எக்ஸ் + ஒய் − 7 = 0-க்கு மூணாவதா ஒரு புள்ளி கொடுத்தேன், (3, 1). சரி பாத்துட்டு, "உக்காருது மாமா, ஆனா இது எதைப் பத்தின கோடுன்னுதான் தெரியல"ன்னு நோட்டுல பென்சில்ல எழுதி வச்சிருக்கா. டீச்சர் திட்டுவாங்களேன்னு அக்காவுக்குக் கவலை. எனக்கு இல்ல. :-)